மூத்த பேராசிரியரின் பெயரை ஆய்வு, படைப்பாக்க விருதுக்கு அனுப்புவது எப்படி?

துறைக் கூட்டம் முடிகிற நேரத்தில் யாராவது சொல்வார்கள்: "இந்த முறை பேராசிரியரின் பெயரை விருதுக்குப் போடுவோம். நீங்கள் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்களேன்." இருப்பவர்களில் வயது குறைந்தவர் நீங்கள் என்பதால் வேலை உங்கள் தலையில் வந்து விழும். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் சரி, பதுளையில் ஊவா வெல்லஸ்ஸவிலும் சரி, பெலிஹுலோயாவில் சப்ரகமுவவிலும் சரி, நடப்பது இதுதான். இந்தக் கட்டுரை அப்படித் தலையாட்டிவிட்டு வந்திருக்கும் தகுதிகாண் விரிவுரையாளருக்கும், ஆய்வு உதவியாளருக்கும், துறை அலுவலகத்து லிகிதருக்கும்.

நான் ஒரே பேராசிரியரின் பெயரை இரண்டு முறை அனுப்பினேன். முதல் முறை விண்ணப்பக் கோவை திரும்பி வந்தது. கூடவே அரைப் பக்கக் கடிதம்: பீடச் சபையின் சிபாரிசு இல்லை, கடிதம் தந்தவர்களில் ஒருவர் கூட்டு ஆய்வாளர், படைப்பாக்கப் பணிக்குச் சான்று இல்லை. முப்பது வருடம் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிக் கூத்துகளைப் பதிவு செய்து, அவற்றிலிருந்து நாடகங்கள் எழுதி மேடையேற்றிய ஒருவருக்கு "சான்று இல்லை" என்று எழுதி வந்தது. அவர் செய்யாததால் வந்த பதில் இல்லை அது. நான் காட்டாததால் வந்தது. இரண்டாவது முறை ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். அந்த ஐந்து மாதத்தில் கற்றதைத்தான் கீழே எழுதுகிறேன்.

எங்கள் பேராசிரியர் தமிழில் எழுதுபவர். உங்களுடையவரும் அப்படியென்றால் 4ஆம், 5ஆம் படிகளை நிதானமாக வாசியுங்கள்.

1. அறிவித்தலை வரிவரியாக வாசியுங்கள்

முதலில் இது எந்த விருது என்று தெளிவாகுங்கள். தேசிய ஆராய்ச்சிப் பேரவையினூடாக வழங்கப்படும் விஞ்ஞான வெளியீடுகளுக்கான ஜனாதிபதி விருது, சர்வதேசச் சுட்டிகளில் இடம்பெற்ற சஞ்சிகைகளில் வந்த கட்டுரைகளுக்கானது. துணைவேந்தர்கள், பணிப்பாளர்கள் குழு வழங்கும் விருதுகள் நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவானவை. நாம் பேசுவது பல்கலைக்கழகம் தன் சொந்த மூத்த கல்விசார் ஊழியருக்கு, வாழ்நாள் ஆய்வையும் படைப்பையும் பார்த்துக் கொடுக்கும் விருது. ஒன்றுக்குத் தயாரித்த கோவையை அப்படியே மற்றதற்கு அனுப்ப முடியாது.

அப்புறம் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு இவற்றுக்குப் பதில் தேடுங்கள். "மூத்த" என்றால் என்ன பதவி, எத்தனை வருட சேவை? யார் பெயர் கொடுக்கலாம்: துறைத் தலைவரா, பீடாதிபதியா, சக விரிவுரையாளரா? முழுச் சேவைக் காலத்தையும் பார்ப்பார்களா, கடைசி ஐந்து வருடத்தை மட்டுமா? படைப்பாக்கம் என்பதில் நாடகம், கவிதை, மொழிபெயர்ப்பு, இசை எது எது அடங்கும்? எத்தனை பக்கம், எந்த மொழி, எத்தனை பிரதி? அறிவித்தலில் பதில் இல்லாத கேள்வியைப் பதிவாளர் கிளைக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதிலுக்குப் பின்னால் ஆதாரம் கிடையாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் நாட்டில் பேராசிரியர் பதவி உயர்வு, விண்ணப்பித்த திகதியிலிருந்து நடைமுறைக்கு வரும். கடிதம் கையில் கிடைப்பது ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து. ஆகவே கடிதத்தின் தலையில் உள்ள திகதி வேறு, பதவி தொடங்கிய திகதி வேறு. "பேராசிரியராக ஐந்து வருடம்" என்று நிபந்தனை இருந்தால் இரண்டாவது திகதியைத்தான் கணக்கெடுக்க வேண்டும். நியமனக் கடிதத்தின் பிரதியைக் கல்விசார் தாபனக் கிளையில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஓய்வு வயது 65 என்பதையும் மறக்காதீர்கள். முடிவுத் திகதியன்று அவர் சேவையில் இருக்க வேண்டும் என்று சில அறிவித்தல்கள் சொல்கின்றன.

2. சம்மதம் வாங்குங்கள்

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மூத்தவர்கள் பலர் மறுப்பார்கள். நான் போய், "மிஸ், இந்த வருசம் உங்க பெயரைப் போடலாம்னு இருக்கோம்" என்று சொன்னபோது அவர் விடைத்தாளிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. "எனக்கு எதுக்கும்மா இப்ப? சின்னவங்க யாருக்காச்சும் குடுங்க" என்றார். ஒரு வாரம் கழித்து மறுபடி போனேன். "உங்களுக்கு மட்டும்னு இல்ல மிஸ். காமன் கூத்துக்கும் அருச்சுனன் தபசுக்கும் பல்கலைக்கழகத்துல ஒரு இடம் இருக்குன்னு பதிவாகட்டும்" என்றேன். அப்போதுதான் பேனாவை மூடி வைத்தார்.

சம்மதத்தை ஒரு பக்கக் கடிதமாக, கையொப்பத்தோடு வாங்குங்கள். அதே சந்திப்பில் மூன்று விஷயம் கேளுங்கள்: கையிலிருக்கும் சுயவிபரக்கோவை, பழைய கட்டுரைகளும் படங்களும் இருக்கும் பெட்டிகளைத் திறந்து பார்க்க அனுமதி, அவரோடு வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியல். மூன்றாவதுதான் பிற்பாடு அதிகம் உதவும். அதன் பின் அவரைத் தினமும் தொந்தரவு செய்யாதீர்கள். கேள்விகளைச் சேர்த்து வைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

3. நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

அறிவித்தலில் உள்ள முடிவுத் திகதி பதிவாளருக்கானது. உங்களுக்கு அது முடிவுத் திகதி இல்லை. துறைத் தலைவர், பீடச் சபை, பீடாதிபதி என்று ஒவ்வொரு படியாகத்தான் கோவை மேலே போகும். பீடச் சபை மாதம் ஒருமுறைதான் கூடும்; நிகழ்ச்சி நிரலில் சேர வேண்டுமென்றால் கூட்டத்துக்குப் பத்து நாளாவது முன்னதாகக் கொடுக்க வேண்டும். முதல் முறை நான் விழுந்தது இங்கேதான். முடிவுத் திகதிக்கு மூன்று வாரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். அந்த மாதக் கூட்டம் முந்தைய நாளே முடிந்திருந்தது.

ஜூன் இறுதியில் முடிவென்றால் இப்படி வையுங்கள். ஜனவரியில் அறிவித்தலும் சம்மதமும். பெப்ரவரி, மார்ச் சான்று தேட. மார்ச் தொடக்கத்திலேயே கடிதம் எழுதுபவர்களைக் கேட்டுவிட வேண்டும். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வாரம் எந்த அலுவலகத்திலும் வேலை நடக்காது; அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். மே மாதப் பீடச் சபைக்குக் கோவை முழுமையாகப் போக வேண்டும். ஒவ்வொரு மாதமும் போயா விடுமுறை ஒன்று வரும். பெரஹரா நாட்களில் கண்டி நகருக்குள் ஒரு போட்டோகொப்பி எடுத்து வரவே அரை நாள் போய்விடும். வேலைநிறுத்தம் என்று ஒன்று வந்தால் இந்தக் கணக்கே மாறும். ஒரு மாதம் மிச்சம் வைத்துத் தொடங்கச் சொல்வது அதனால்தான்.

4. ஆய்வுப் பட்டியலைக் கையில் பிடித்துச் சரிபாருங்கள்

தொடங்க நல்ல இடம், அவர் பேராசிரியர் பதவி உயர்வுக்கு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 916ஆம் இலக்கச் சுற்றறிக்கைப்படி தயாரித்த விண்ணப்பம். வெளியீடுகள் வகைவகையாக அதில் இருக்கும். ஆனால் அது பதவி உயர்வு நாளோடு நின்றிருக்கும். அதற்குப் பிந்தியதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டுரையையும், ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்துப் பார்த்த பிறகே பட்டியலில் சேருங்கள். ஞாபகத்திலிருந்து எழுதிய வருடங்களில் பிழை இருக்கும். எங்கள் பட்டியலில் நான்கு இடத்தில் இருந்தது. நூலின் ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைப் பாருங்கள். 978க்குப் பிறகு 955 அல்லது 624 என்று வந்தால் இலங்கைப் பதிப்பு, 81 அல்லது 93 என்றால் இந்தியப் பதிப்பு. மலையக நூல்கள் பல சென்னையில் அச்சானவை என்பதால் பதிப்பிடத்தைத் தவறாகப் போட்டுவிடுவது சுலபம். கையில் பிரதி இல்லாத பழைய சஞ்சிகைகளை 'நூலகம்' (noolaham.org) இணையத்தளத்தில் தேடுங்கள். பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' போன்றவற்றின் பழைய இதழ்கள் ஸ்கேன் செய்யப்பட்டு அங்கே கிடைக்கின்றன. அட்டையையும், உள்ளடக்கப் பக்கத்தையும், கட்டுரையின் முதல் பக்கத்தையும் அச்செடுத்தால் போதும்.

பெயர்ச் சிக்கல் ஒன்று நிச்சயம் வரும். தோட்டத்தில் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழில் பெயரைப் பதிவாளர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். பாடசாலையில் ஒரு எழுத்து மாறும், பல்கலைக்கழகத்தில் இன்னொன்று. ஆங்கிலக் கட்டுரைகளில் தகப்பனார் பெயர் ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால். எங்கள் பேராசிரியரின் பெயர் ஐந்து விதமாக அச்சாகியிருந்தது. மதிப்பீட்டாளர் அதை ஐந்து பேர் என்று நினைத்துவிடக் கூடாது. எல்லா வடிவங்களையும் ஒரு பக்கத்தில் எழுதி, "இவை யாவும் ஒருவரே" என்று துறைத் தலைவரின் கையொப்பம் வாங்கி முன்னால் வையுங்கள். ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஓர்கிட் (ORCID) கணக்கு ஒன்றும் திறந்து கொடுங்கள். இலவசம்தான், பத்து நிமிட வேலை. அந்தப் பதினாறு இலக்க எண்ணின் கீழ் எல்லாப் பெயர்களையும் சேர்க்கலாம்.

மேற்கோள் எண்ணிக்கை கேட்பார்கள். கூகுள் ஸ்கொலரில் தமிழில் அச்சில் மட்டும் வந்தவை பெரும்பாலும் ஏறியிருக்காது. விடுபட்ட கட்டுரைகளைக் கையால் சேர்க்கலாம், ஆனாலும் எண் சிறியதாகவே நிற்கும். அந்த எண்ணை மறைக்காமல் போடுங்கள். பக்கத்திலேயே வேறு சான்றுகளை வையுங்கள்: எந்தெந்தப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் அவருடைய நூல் இருக்கிறது, எந்த ஆய்வேடுகளின் உசாத்துணையில் இருக்கிறது, வீரகேசரி, தினகரன் போன்ற நாளிதழ்களில் வந்த மதிப்புரைகள் எவை. நான் துறை நூலகத்தில் உட்கார்ந்து மாணவர் ஆய்வேடுகளின் கடைசிப் பக்கங்களை மட்டும் புரட்டினேன். இரண்டு நாள் போனது. இருபத்தேழு ஆய்வேடுகளில் அவருடைய ஒரே நூல் இருந்தது. அந்தப் பட்டியல் கோவையில் இரண்டு பக்கம் வந்தது.

5. படைப்பாக்கத்துக்குச் சான்று தேடுங்கள்

கட்டுரை தானாகவே காகிதத்தில் இருக்கிறது. நாடகமும் கூத்தும் அப்படியில்லை. ஒரு இரவு நடந்து முடிந்த பிறகு மிஞ்சுவது ஒரு நோட்டீஸ், நாலு படம், பார்த்தவர்களின் நினைவு. அதனால் மொத்த நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

தேட வேண்டியவை: அழைப்பிதழ், நோட்டீஸ், நிகழ்ச்சி மலர், நாடகப் பிரதி, படங்கள், வீடியோ, பத்திரிகைச் செய்தி. மேடை நாடகமென்றால் பிரதியை முன்கூட்டியே அனுப்பி அரங்கேற்ற அனுமதி எடுத்திருப்பார்கள். அந்த அனுமதிக் கடிதம் கிடைத்தால் பத்திரமாக வையுங்கள். நாடகத்தின் பெயரும் திகதியும் ஒரே தாளில் அரச முத்திரையோடு கிடைக்கும் இடம் அதுதான். பேராசிரியரிடம் இல்லாவிட்டால் நடித்தவர்களிடம் கேளுங்கள், மேடை ஒழுங்கு செய்த தோட்டத்து இளைஞர் மன்றத்திடம் கேளுங்கள்.

அவர் ஒரு தோட்ட மைதானத்தில் போட்ட நாடகம் ஒன்றுக்கு எங்களிடம் எதுவும் இல்லை. அதில் காமனாக ஆடிய கூத்து மாஸ்டர் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இன்னும் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். லயன் காம்பிராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். வேட்டியில் சுற்றிய சலங்கை, ஒரு பழைய கிரீடத்தின் அட்டை, அதற்கடியில் நான்காக மடித்த ரோஸ் நிற நோட்டீஸ். மடிப்பு விழுந்த இடமெல்லாம் தேய்ந்து வெளிச்சம் தெரிந்தது. நாடகத்தின் பெயர் இருந்தது, எழுதி நெறிப்படுத்தியவர் என்று எங்கள் பேராசிரியரின் பெயர் இருந்தது. "மார்ச் 8, சனிக்கிழமை மாலை 6 மணிக்கு" என்று இருந்தது. வருடம் இல்லை.

வருடம் இல்லாத சான்றைக் குழு ஏற்காது. ஊர் நோட்டீஸ்கள் பலவற்றில் வருடம் போடுவதில்லை, ஆகவே இந்த வேலை உங்களுக்கும் வரும். கிழமையும் திகதியும் இருந்தால் கலண்டரில் பாருங்கள். 1990க்கும் 2020க்கும் இடையில் மார்ச் 8 சனிக்கிழமையாக வந்த வருடங்கள் 1997, 2003, 2008, 2014. "மாஸ்டர், இதுல எது?" என்று கேட்டேன். "வருசம் ஞாபகம் இல்ல மிஸ். மூத்த மக அஞ்சாம் வகுப்பு படிக்கையில போட்டது" என்றார். மகளின் தேர்ச்சி அறிக்கை அதே பெட்டியில் இருந்தது. தரம் 5, 2003. அதன் பிறகு கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் 2003 மார்ச் மாத நாளிதழ்க் கட்டுகளை மட்டும் கேட்டேன். மூன்றாவது வாரத்துத் தாளில் நான்கு வரிச் செய்தி கிடைத்தது. வருடத்தை முதலில் குறுக்காமல் போயிருந்தால் ஒரு மாதம் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். போகும்போது அடையாள அட்டையையும் பல்கலைக்கழகக் கடிதத்தையும் கொண்டு போங்கள்.

அந்த நோட்டீஸை மாஸ்டர் என்னிடமே தந்துவிட்டார். கையில் வாங்கிய உடனே ஒரு தாளில் "இன்ன பொருளை இன்ன திகதியில் இரவல் பெற்றேன்" என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வீட்டிலேயே கைபேசியில் இரண்டு பக்கமும் படமெடுத்துவிட்டுத்தான் பையில் வையுங்கள். நம் பக்கத்து மழையில் பஸ்ஸுக்குள்ளும் நனையும். இரண்டு பிளாஸ்டிக் உறைக்கு நடுவில் ஒரு அட்டை வைத்துக் கொண்டு வாருங்கள்.

வீடியோ நாடா கிடைத்தால் உடனே பிளேயரில் போடாதீர்கள். மலையக ஈரத்தில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் படிந்திருக்கும். போட்டால் நாடா அறுந்துபோகலாம், பூஞ்சணம் பிளேயரிலிருந்து அடுத்த நாடாவுக்கும் பரவும். பழைய நாடாக்களைச் சுத்தம் செய்து மாற்றித் தரும் ஸ்டூடியோவில் கொடுங்கள். குழுவுக்கு முழு வீடியோ வேண்டாம். ஆறு நிமிடத் துண்டு ஒன்றை வெட்டி, வசனத்துக்கு ஆங்கிலத்தில் கீழெழுத்துப் போட்டால் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு படைப்பிலும் அவர் செய்தது என்ன என்று தனியாக எழுதுங்கள்: பிரதி, நெறியாள்கை, இசையமைப்பு, பாடல் சேகரிப்பு. மாணவர் நாடகங்களில் நோட்டீஸில் நெறியாளராக மாணவரின் பெயர்தான் இருக்கும். அதை மாற்றவோ மறைக்கவோ கூடாது. "மாணவர் நெறியாள்கை, பேராசிரியரின் பிரதியும் மேற்பார்வையும்" என்று உள்ளபடி எழுதி, அந்த மாணவரிடமிருந்து இரண்டு வரி உறுதிப்படுத்தல் வாங்குங்கள். மாஸ்டரிடமும் அவர் சொல்வதை அவர் தமிழிலேயே எழுதி, வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்கினேன். மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர் பிறகு அந்தத் தாளைக் குறிப்பிட்டுப் பேசினார்.

மொழிபெயர்ப்பு வேலை இரண்டு விதம். அனுமதிக் கடிதம், செய்தி, உறுதிப்படுத்தல் போன்ற ஆவணங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டும். நாடகப் பகுதியையும் கவிதையையும் அவரிடம் கொடுக்காதீர்கள். இலக்கியம் மொழிபெயர்க்கத் தெரிந்த ஒருவரிடம் பத்துப் பக்கம் மட்டும் கொடுங்கள். கூத்தை 'போக் டான்ஸ்' என்று எழுத விடாதீர்கள். 'கூத்து' என்ற சொல்லையே வைத்து, பாட்டும் ஆட்டமும் கதையும் சேர்ந்து விடிய விடிய நடக்கும் அரங்கு என்று ஒரு வரியில் விளக்கினால் வாசிப்பவருக்குப் புரியும்.

6. கடிதம் தருபவர்களைக் கவனமாகத் தெரிவு செய்யுங்கள்

பெரும்பாலும் மூன்று கடிதம் கேட்பார்கள். கூட்டாகக் கட்டுரை எழுதியவர், அவரிடம் ஆய்வு செய்த மாணவர், உறவினர் மூவரும் வேண்டாம். அறிவித்தல் தடை சொல்லாவிட்டாலும் வேண்டாம். தமிழ் ஆய்வுலகம் சிறியது. எல்லோரும் எல்லோருடனும் ஒரு தொகுப்பிலாவது சேர்ந்து எழுதியிருப்பார்கள். ஆகவே பெயரை முடிவு செய்யுமுன் 4ஆம் படிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் வேறு இலங்கைப் பல்கலைக்கழகத்திலிருந்து, ஒருவர் வெளிநாட்டிலிருந்து, ஒருவர் அரங்கத் துறையிலிருந்து என்று எடுத்தோம்.

எட்டு வாரம் அவகாசம் கொடுங்கள். சுயவிபரம், மூன்று முக்கியப் படைப்புகள், விருதின் நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். "நல்லவர், உழைப்பாளி" என்று எழுதும் கடிதம் பயன்படாது. "இந்த நூலுக்கு முன் இத்துறையில் என்ன இருந்தது, இதற்குப் பின் என்ன மாறியது என்று எழுதுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். மூத்தவர்களே ஆனாலும் யாரும் கோபிப்பதில்லை, வேலை சுலபமாகிறது என்றுதான் சந்தோஷப்படுவார்கள். கடிதம் நிறுவனத் தலைப்புத் தாளில், திகதியோடு, நேராகப் பதிவாளருக்குப் போக வேண்டுமா, உங்களிடம் வர வேண்டுமா என்பதையும் எழுதிவிடுங்கள்.

7. பரிந்துரை உரையை மொழி தெரியாதவருக்காக எழுதுங்கள்

குழுவில் விவசாயம், பொறியியல், மருத்துவம் படித்தவர்கள் இருப்பார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமலிருக்கலாம். அவர்கள் இரண்டு பக்கத்தைத்தான் முழுமையாக வாசிப்பார்கள்.

என் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "பேராசிரியர் அவர்கள் தமிழ் கூறும் நல்லுலகம் போற்றும் அறிஞர்." இரண்டாவது முறை: "இவர் நுவரெலியா, பதுளை மாவட்டத் தோட்டங்களில் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றையும் ஆடுபவர்களின் வாயிலிருந்தே பதிவு செய்து, பிரதியாக்கி, இன்றைய மேடைக்கு எழுதினார்." புகழ்ச் சொற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பேராசிரியர் அதை வாசித்துவிட்டு, "இதுதான் நான் செஞ்சது" என்றார்.

ஆய்வையும் படைப்பையும் இரண்டு பந்தியாகப் பிரித்து வைக்காதீர்கள். களத்தில் சேகரித்த பாடல் எப்படி நாடகத்தில் வந்தது, நாடகத்தைப் பார்த்தவர் ஒருவர் சொன்ன திருத்தம் எப்படி அடுத்த கட்டுரையில் வந்தது என்று ஒரு கண்ணியைக் காட்டுங்கள். தமிழ் நூல் ஒவ்வொன்றுக்கும் நூற்றைம்பது சொல்லில் ஆங்கிலச் சுருக்கம் பின்னிணைப்பில் வர வேண்டும்.

8. செலவு

எனக்கு ஆனது இது. அச்சும் போட்டோகொப்பியும் 4,200 ரூபா. மூன்று பிரதிக்கு ஸ்பைரல் பைண்டிங் 1,050. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு ஆறு பக்கம் 12,000. இரண்டு நாடாக்களை மாற்ற 3,000. பென் டிரைவ் இரண்டு 3,200. ஹட்டன், கொழும்புப் பயணம் 5,000. மொத்தம் 28,450 ரூபா. உங்கள் ஊர் விலை கூடக் குறைய இருக்கும்.

மொழிபெயர்ப்புத்தான் பெரிய செலவு, ஆகவே எந்த ஆவணம் உண்மையில் வேண்டும் என்று முதலில் தெரிவு செய்யுங்கள். தொடங்குமுன்னே துறைத் தலைவரிடம் துறை ஒதுக்கீட்டிலிருந்து தர முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். செலவழித்த பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பேராசிரியரிடம் காசு வாங்காதீர்கள், அவர் தந்தாலும் கூட.

9. ஒப்படைக்கும்போது

தமிழ் எழுத்துருவைக் கவனியுங்கள். நம் அலுவலகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அந்தக் கோப்பை வேறு கணினியில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் புரியாத ஆங்கில எழுத்துகள் நிற்கும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, பி.டி.எஃப். ஆக்கி, தமிழ் எழுத்துரு எதுவும் ஏற்றாத ஒரு கணினியில் திறந்து பார்த்த பிறகே அனுப்புங்கள்.

போட்டோகொப்பி ஒவ்வொன்றிலும் "உண்மைப் பிரதி" என்று துறைத் தலைவரோ சிரேஷ்ட உதவிப் பதிவாளரோ ஒப்பமிட வேண்டும். எண்பது பக்கத்துக்கு ஒப்பமிட ஒரு நாள் போகும், கடைசி நாளில் கேட்காதீர்கள். முகப்புக் கடிதத்தில் "துறைத் தலைவர், பீடாதிபதி ஊடாக" என்று இருக்க வேண்டும். பீடச் சபைத் தீர்மானத்தின் இலக்கத்தைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், தபாலென்றால் பதிவுத் தபால். மின்னஞ்சலிலும் அனுப்பி, கிடைத்தது என்று பதில் வரும்வரை விடாதீர்கள்.

10. அப்புறம்

இரண்டு மூன்று மாதம் எந்தச் செய்தியும் வராது. கோவை மதிப்பீட்டுக் குழுவுக்கும், பல்கலைக்கழக மூதவைக்கும் (செனட்), பேரவைக்கும் (கவுன்சில்) போய் வரும். இடையில் யாரையும் தனிப்பட்ட முறையில் விசாரிக்க வேண்டாம். அது பேராசிரியருக்குத்தான் சங்கடம். கிடைக்காவிட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, கோவையை அப்படியே வைத்திருங்கள். அடுத்த முறைக்கு முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும். கிடைத்தால் விருது பெறுபவர் ஒரு உரை நிகழ்த்த வேண்டியிருக்கும். எந்த மொழியில் என்று முன்கூட்டியே கேளுங்கள். எங்கள் பேராசிரியர் தமிழில் பேச அனுமதி கேட்டார், கிடைத்தது. ஆங்கில வடிவத்தை அச்சிட்டுக் கதிரைகளில் வைத்தோம்.

கடைசியாக, இரவல் வாங்கிய ஒவ்வொரு பொருளையும் நீங்களே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள், தபாலில் போடாதீர்கள். நானும் பேராசிரியரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரின் வீட்டுக்குப் போனோம். நோட்டீஸையும், அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்ட பிரதி ஒன்றையும் கொடுத்தோம். மாஸ்டர் நான் எழுதிக் கொடுத்த இரவல் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்து என்னிடம் திருப்பித் தந்தார். பழைய நோட்டீஸை அதே மடிப்பில் மடித்து, சலங்கைக்குக் கீழே வைத்துப் பெட்டியை மூடினார்.